கட்டியக்காரனின் தொண்டை

தொண்டைக்குப் பேரிக்காயைப் போல நல்லது வேறெதுவும் இல்லை. தோலைச் சீவி, நடுவில் குடைந்து, தேன் விட்டு ஆவியில் வேகவைக்க வேண்டும். இஞ்சி சேர்க்கக் கூடாது. இஞ்சி தொண்டையைத் திறக்கும் என்பார்கள். திறக்கும்தான், ஆனால் மறுபடி மூடாது.

விசாரணை அதிகாரி ஐயா, நான் எதையும் மறைக்கப் போவதில்லை. முறையாக, முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் வரும். நடுவில், சரியாகத்தான் சொல்கிறேனா என்று சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி சொல்வேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாக்குமூலம் தொடங்குவதற்கு முன் பேரரசரின் ஆணை வாசகத்தை ஓத வேண்டும் என்பது விதி. ஓதினேன். அதைக் கேட்பவர் மண்டியிட வேண்டும் என்பதும் விதி. மண்டியிட்டீர்கள். நல்ல வளர்ப்பு. இந்தக் காலத்து அதிகாரிகளில் பாதிப்பேர் ஒரு முழங்காலை ஊன்றிவிட்டு மற்றதைப் பாவனையில் வைத்துக்கொள்கிறார்கள்.

என் பெயர் யுவான் மோ. அரசவைக் கட்டியக்காரன். எங்கள் குடும்பத்துக்கு இது பரம்பரைத் தொழில். மொத்தம் இரண்டு சொல்தான். ‘பணிக’ என்றால் அவையில் இருக்கிற எல்லோரும் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைப்பார்கள். ‘எழுக’ என்றால் எழுவார்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு உத்தியோகமா என்று என் மைத்துனன் கேலி செய்வான். அவன் அரசவை வாத்தியக் குழுவில் புல்லாங்குழல் ஊதுகிறவன். ஊதிக்கொண்டிருந்தவன் என்று சொல்ல வேண்டும். அவனைப் பற்றிப் பிறகு வரும்.

‘பணிக’ சுலபம். யார் சொன்னாலும் மனிதர்கள் பணிந்துவிடுவார்கள். ‘எழுக’வில்தான் வித்தை இருக்கிறது. அவசரப்பட்டால் மரியாதை போய்விடும். தாமதித்தால் கிழ அமைச்சர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். சரியான கணத்தில் சொன்னேனா என்று நான் தினமும் வீட்டுக்குப் போய் யோசிப்பேன். பெரும்பாலும் சொல்லவில்லை என்றே தோன்றும்.

இனி பெருந்தளபதி ஷியோங். வடக்கே கொள்ளைக்காரர்கள் தலையெடுத்தபோது பேரரசரைக் காப்பாற்றுகிறேன் என்று படையோடு லோயாங்குக்கு வந்தவர் அவர். கொள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. அப்போது பேரரசர் சின்னப் பிள்ளை. வளர்ந்த பிறகும் அவர் சொல் எங்கேயும் எடுபடவில்லை. மதியம் என்ன சூப் வேண்டும் என்பதைக்கூடத் தளபதியின் மாளிகையில்தான் முடிவு செய்தார்கள். தளபதிக்கு ஆட்டிறைச்சி பிடிக்கும். ஆகவே பேரரசருக்கும் ஆட்டிறைச்சி பிடித்தது.

மற்றவர்கள் அவைக்குள் காலணியைக் கழற்றிவிட்டு, வாளை வெளியே வைத்துவிட்டு, தலையைக் குனிந்து குடுகுடுவென்று ஓடி வர வேண்டும். தளபதி காலணியோடு, வாளோடு, நிதானமாக நடந்து வரலாம் என்று அவரே பேரரசரை அனுமதி கொடுக்கச் சொல்லி, அவரே நன்றி சொன்னார். ஆனால் மண்டியிடுவதை மட்டும் அவர் விடவில்லை. விசுவாசத்தை ஊர் பார்க்க வேண்டுமல்லவா. ஆறடிக்கு மேல் உயரம், கரடி மாதிரி உடம்பு. அவர் மண்டியிட்டால் தூணில் மாட்டிய விளக்குகள் ஆடும்.

‘எழுக’ என்ற கட்டியம் கேட்பதற்கு முன் எழுபவன் துரோகி, அவனைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே வெட்டலாம் என்று ஒரு பழைய சட்டம் உண்டு. அதை எல்லோரும் மறந்திருந்தார்கள். தளபதி மறக்கவில்லை. அவருடைய வரித் திட்டத்தை எதிர்த்துப் பேசிய லியூ என்ற கிழ அமைச்சர் ஒருநாள், மூட்டுவலி தாளாமல், நான் வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் இடுப்பைத் தூக்கிவிட்டார்.

“முட்டி டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே, எல்லாருக்கும் கேட்டுச்சுல்ல?” என்றார் தளபதி. “இது முட்டியோட சத்தம் இல்லப்பா. துரோகத்தோட சத்தம்.”

லியூவை அவைப் படிக்கட்டிலேயே வெட்டினார்கள். அன்று நான் ‘எழுக’வை ஒரு மூச்சு முந்திச் சொல்லியிருக்கலாமோ என்று நெடுநாள் மனதை உறுத்தியது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அன்றிலிருந்து என் ‘எழுக’ கேட்கும்வரை அவையில் ஒரு துணிகூட அசையவில்லை. எல்லோருடைய காதும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காது எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள். பார்த்தது.

இந்தக் கட்டத்தில்தான் தளபதிக்கு அரியணை ஆசை வெளிப்படையாக வந்தது. அதற்கும் முறை இருக்கிறது. பேரரசர் தாமாகவே முன்வந்து அரச முத்திரையை நீட்ட வேண்டும். பெறுகிறவர் மூன்று தடவை மறுக்க வேண்டும். நான்காம் தடவை, வானத்தின் விருப்பம் என்று அழுதுகொண்டே வாங்கிக்கொள்ளலாம். பேரரசரைத் தாமாகவே முன்வர வைப்பதற்காக அவருடைய அறை வாசலில் வாளோடு காவலர்களை நிறுத்தியிருந்தார்கள்.

முதல் தடவை தளபதி நன்றாகவே செய்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், இருந்தாலும் கண்ணீர் வந்தது. “இந்தக் கழுதை முதுகுக்கா மகாராஜா அந்தச் சுமை!” என்று மார்பில் அடித்துக்கொண்டார். இரண்டாம் தடவை ஆட்டிறைச்சி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. பேரரசர் முத்திரையை நீட்டியதும் அரைத் தூக்கத்தில் கையை நீட்டி, “சரி, குடுங்க” என்றுவிட்டார். அவருடைய ஆலோசகர் பெய் லுன் இருமினார். ஒல்லியான மனிதர். அந்த உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய இருமல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“...ன்னு கேக்குற ஆளா மகாராஜா நானு!” என்று தளபதி முடித்தார்.

மூன்றாம் தடவை மயங்கி விழுந்தார். விழும் இடத்தில் முன்கூட்டியே மெத்தை போட்டிருந்தது.

அன்று மாலை பேரரசர் என்னை வாத்துக் குளத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கென்று அரண்மனையில் சொந்தமாக இருந்தது அந்த வாத்துகள் மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு அமைச்சர் பதவி கொடுத்திருந்தார். நிதி அமைச்சர் ரொம்பக் கொழுத்துவிட்டது என்று கவலைப்படுவார். பத்தொன்பது வயது. கரையில் உட்கார்ந்து தினையைத் தூவிக்கொண்டிருந்தார்.

“யுவான், உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது மகாராஜா.”

“எனக்கும் தெரியாது. இதுங்களப் பாரு. நாடும் இல்ல, முத்திரையும் இல்ல, ஜம்முனு மிதக்குது.” இன்னொரு பிடி தினையைத் தூவினார். “அடுத்த தடவை வாங்கிக்குவான். எனக்கு ஒரு கிராமமும் பட்டப்பேரும் தர்றானாம். அமைதிக் கோமகன். எங்க சின்னத் தாத்தாவுக்கும் இப்படித்தான் ஒரு பேரு வச்சு அனுப்புனாங்க. ஒரு மாசங்கூட ஆகல. அன்பளிப்புன்னு ஒரு ஜாடி மது வந்துச்சு.”

“நல்ல மதுவா மகாராஜா?”

“குடிச்சவர் ஒண்ணும் சொல்லல.”

நிதி அமைச்சர் கரையேறி வந்து என் காலணியைக் கொத்தியது.

“உன்னால ஏதாவது பண்ண முடியுமா?” என்று கேட்டார்.

“எனக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியும் மகாராஜா.”

“அதுல ஒண்ணக் கொறச்சுக்கோயேன்” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னாரா, ஆணையாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. நீங்கள் ஆணை என்றே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதற்கு மறுநாள் நடந்த அரியணைச் சடங்கின் ஒத்திகையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் கிடையாது. முறையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பெய் லுன் துணி மூடிய ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து, துணியை விலக்கிக் காட்டினார். வெண்கலச் சேகண்டி. தாம்பாளம் அளவு இருக்கும்.

“புது அரசாங்கத்துல இதுதான்” என்றார் பெய் லுன். “ஒரு தட்டு தட்டுனா பணியணும். ரெண்டு தட்டுனா எழணும். இதுக்குச் சளி பிடிக்காது. பேரிக்கா கேக்காது.”

தளபதி அதை ஒரு தட்டுத் தட்டினார். அங்கிருந்த சிப்பாய்கள் சட்டென்று மண்டியிட்டார்கள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு தட்டினார். எழுந்தார்கள். மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. குழந்தைக்குக் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி.

“என்னடா தொண்டைக்காரா, மூஞ்சி தொங்குது?” என்றார் என்னிடம். “உன்னைய விட்ருவனா? இதத் தொடைக்க ஒரு ஆள் வேணும்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மைத்துனன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். எனக்கு அதில் எந்த மனத்தாங்கலும் இல்லை. சேகண்டி நல்ல வாத்தியம். ஆனால் அதன் நாதத்தில் ஒரு குறை இருக்கிறது. தட்டிய பிறகும் இழுத்துக்கொண்டே போகும், எங்கே முடிகிறது என்று தெரியாது. சொல் அப்படியில்லை. சொன்னால் சொன்னது. சொல்லாவிட்டால் சொல்லாததுதான்.

அரியணை மாற்றும் நாளுக்கு நகரத்துக்குத் தெற்கே வெட்டவெளியில் ஒரு மண்மேடை கட்டியிருந்தார்கள். கடுங்கோடை. ஒரு மரம்கூடக் கிடையாது. வானம் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக மரங்களைத் தளபதியே வெட்டச் சொல்லியிருந்தார். மேடையில் பேரரசரும் தளபதியும். அவர்களுக்குப் பின்னால் தளபதியின் இரண்டு பெரிய படைத்தலைவர்கள், தெங் என்பவரும் குவோ என்பவரும். அவர்களுக்குக் கீழே அமைச்சர்கள். அதற்கும் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை படை. மேடையின் ஓரத்தில் தனியாக நான். கட்டியக்காரன் மட்டும் மண்டியிடுவதில்லை. மண்டியிட்டால் குரல் எழும்பாது.

தளபதி பட்டுச் சடங்கு அங்கியை அடுக்கடுக்காக உடுத்தியிருந்தார். யாராவது குத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அதற்கு உள்ளே இரும்புக் கவசமும் போட்டிருந்தார். காலையில் ஆட்டிறைச்சி சாப்பிட்டிருந்தார். பேரரசர் மெல்லிய பருத்தியில் வந்திருந்தார். போகிறவருக்கு எதற்குப் பட்டு என்று கொடுக்கவில்லை.

முத்திரையைக் கைமாற்றுவதற்கு முன் எல்லோரும் வானத்தை வணங்க வேண்டும். பேரரசரும் சேர்த்துத்தான். நான் ‘பணிக’ என்றேன். பேரரசர் பணிந்தார், தளபதி பணிந்தார், படை மொத்தமும் பணிந்தது. காற்றில் கோதுமை வயல் சாய்ந்த மாதிரி இருந்தது. குடைபிடிக்கிறவனும் பணிந்ததால் குடை பேரரசரின் மேலேயே சாய்ந்து நின்றுவிட்டது. அது என் ஏற்பாடு இல்லை.

அப்புறம் நான் ‘எழுக’ என்று சொல்ல வேண்டும்.

தொண்டையில் ஏதோ கரகரத்த மாதிரி இருந்தது. இந்த நிலையில் சொன்னால் குரல் பிசிறுமோ என்று சந்தேகம் வந்தது. ஒரு அரச வம்சத்தின் கடைசி ‘எழுக’ பிசிறலாமா? கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். மடியிலிருந்த பேரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

முதலில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பெரிய சடங்கு, பெரிய வணக்கம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு தளபதியின் குரல் கேட்டது. நெற்றி தரையில் இருந்ததால் அது மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

“டேய், சொல்லுடா.”

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். தலை குனிந்திருந்ததால் அவர் பார்க்க முடியவில்லை.

“பெய் லுன்! அந்தச் சேகண்டிய அடிக்கச் சொல்லு.”

“சேகண்டிக்காரனும் மண்டி போட்டிருக்கான் தலைவரே.”

“எந்திரிச்சு அடிக்கச் சொல்லு.”

“எந்திரிச்சா துரோகி தலைவரே. லியூ கிழவன வெட்டுனமே...”

“அப்ப நீ எந்திரி.”

பெய் லுன் பதில் சொல்லவில்லை. இருமவும் இல்லை.

தளபதி பேரரசரிடம் திரும்பினார். “மகாராஜா, நீங்க சொன்னா சட்டம் ஒத்துக்கும். எழுகன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

குடைக்குள்ளிருந்து பேரரசரின் குரல் பணிவாக வந்தது. “நான் வானத்தோட பிள்ளையாச்சே தளபதி. அப்பா சொல்லாம பிள்ள எப்படி எந்திரிக்கும்?”

பிறகு அங்கிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

கடைசியில் தளபதியே ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து தெங் பேசினார். அவ்வளவு இனிமையான குரலை அவரிடமிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“எந்திரிங்க தலைவரே. நீங்க எந்திரிக்காம யாரு எந்திரிக்கிறது?”

“ஆமா தலைவரே,” என்றார் குவோ. “தாராளமா எந்திரிங்க. நாங்க பாத்துக்குறோம்.”

இரண்டு உறைகளில் வாள் கொஞ்சம் நகர்கிற சத்தம் கேட்டது. தளபதி ஊன்றிய கையை எடுத்துவிட்டு மறுபடி நெற்றியைத் தரையில் வைத்தார். தன் கையாலேயே அந்தச் சட்டத்துக்குச் சாணை பிடித்தவர் அவர். அதன் கூர் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் திட்டமிட்டேன் என்று உங்கள் ஆணையில் எழுதியிருக்கிறது. நான் எதையும் செய்யவே இல்லை ஐயா. அதைத்தான் கவனிக்க வேண்டும். அன்று அந்த மைதானத்தில் ஒன்றுமே செய்யாத ஒரே ஆள் நான்தான்.

வெயில் உச்சிக்கு வந்தது. தளபதி முதலில் மிரட்டினார். பிறகு எனக்குப் பதவி தருகிறேன் என்றார். பிறகு சேகண்டியை உருக்கிவிடுகிறேன் என்றார். அந்தச் சொல் கேட்டபோது மனம் கொஞ்சம் இளகியது உண்மைதான். வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் பேரிக்காய் இன்னும் முழுதாகக் கரையவில்லை. பிறகு அவர் என்னை ஐயா என்று கூப்பிட்டார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வணக்கம் அன்று இருந்ததைப் போல் என்றைக்கும் இருந்ததில்லை. முதுகு நேர்க்கோடு, நெற்றி மண்ணில், ஒரு அசைவு கிடையாது. அவர் உயிரோடு இல்லை என்பதை நான் புரிந்துகொண்டபோது வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது.

அப்போதே ‘எழுக’ சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைப் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த அமைதி எனக்கு முன்பின் கிடைத்ததில்லை. அத்தனை முதுகுகள், ஒரே மட்டத்தில். எங்கோ ஒரு குதிரை கனைத்ததைத் தவிர ஒரு சத்தமில்லை. இதைக் கலைக்கும் சொல் எவ்வளவு பொருத்தமாக இருக்க வேண்டும்? வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எ’வை இன்னும் கொஞ்சம் மென்மையாக எடுக்கலாமா, கடைசியில் குரலை இறக்கலாமா என்று. பொழுது போனதே தெரியவில்லை. அந்த நேரத்தில் மூத்த அமைச்சர்கள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிப்பாய்களிலும் பலர். வாத்தியக் குழுவில் என் மைத்துனன். அவனுக்கு எப்போதும் வெயில் ஆகாது. வருத்தமாகத்தான் இருந்தது.

கடைசியில் சொன்னேன். ரொம்ப நன்றாக வந்தது. பிசிறவே இல்லை.

எழ முடிந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்த வேகத்திலேயே தெங், குவோ முந்தி எழுந்தான் என்றார். குவோ, தெங்தான் முந்தி என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெருந்தளபதியின் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தால் நாட்டுக்கு நல்லதில்லை என்பது பொதுவான அபிப்பிராயம். இரண்டு பேருமே முந்தித்தான் எழுந்தார்கள் என்று நான் சொன்னேன். தெங்கின் ஆட்கள் குவோவையும், குவோவின் ஆட்கள் தெங்கையும் சட்டப்படி வெட்டினார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. அதில் எனக்குத் திருப்தி.

பேரரசர் தூங்கி எழுந்து கொட்டாவி விட்டார். கன்னத்தில் குடைக்காம்பின் தடம் பதிந்திருந்தது. சுற்றிலும் பார்த்தார். தளபதியைப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். “நீதான் என் உயிரக் காப்பாத்துன” என்றார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஓ, கை தரையில் இருக்கிறது, இல்லையா. சரி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் குற்றம் என்று எதுவும் இல்லை. தளபதியின் மாளிகையில் நான் குடியிருப்பது உண்மைதான். என் பழைய வீட்டில் ஈரம். ஈரம் குரலுக்கு ஆகாது. அமைச்சர்கள் மனுக்களை முதலில் என்னிடம் கொண்டுவருகிறார்கள் என்றால், நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் காரணம். படை என் சொல்லைக் கேட்கிறது. எப்போதும் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. பேரரசருக்கு மதியம் பேரிக்காய் சூப் போகிறது. உடம்புக்கு நல்லது. தளபதியைப் போல ஆட்டிறைச்சியை அவர் வாயில் திணிக்கும் ஆள் நான் இல்லை.

வாத்துகள் விஷயம் வேறு. சடங்கு நேரத்தில் அவை கத்துகின்றன. நான் ‘எழுக’ என்பதற்குள் நிதி அமைச்சர் குவாக் என்றது. ஒருநாள் பாதி அவை அதைக் கேட்டு எழுந்துவிட்டது. பாதி அவையை வெட்ட முடியுமா? ஆகவே வாத்துகளை என் மாளிகைக் குளத்துக்கு மாற்றினேன். பத்திரமாக இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை பேரரசர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். நான் சொல்வதை அந்த மாதம் அவர் கேட்டிருந்தால்.

போன தடவை வந்தபோது குளக்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

“யுவான், ஷியோங் இருந்தப்ப வாத்தாவது எங்கிட்ட இருந்துச்சு” என்றார்.

“உயிரு போயிருக்கும் மகாராஜா.”

“அதுவும் சரிதான்” என்றார். தினையை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போனார்.

நேற்று அவர் உங்களை நியமித்தார். தளபதி எப்படி இறந்தார் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் கோபம் இல்லை. உண்மை வெளிவர வேண்டும். அதனால்தான் நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்று காலை மூதாதையர் கோயிலில் பேரரசரின் மாதாந்திர வணக்கம். அவரும் நானும் மட்டும்தான். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. தூபம் வைக்கும் மேசைக்கு அடியில் துணி போட்டு எதையோ மூடி வைத்திருந்தது. ஏதோ பலகாரம் என்று நினைத்தேன். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெண்கலம். புதுசு. தாம்பாளம் அளவு.

நான் எதுவும் கேட்கவில்லை. அவருடைய காது சிவந்துவிட்டது. இந்த வயதில் யாரோ கெட்ட யோசனை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூத்தவன் என்ற முறையில் என் கடமையை நான் செய்ய வேண்டுமல்லவா. ‘பணிக’ என்றேன். அவர் பணிந்தார். நல்ல பிள்ளை.

அப்போதுதான் என் தொண்டை மறுபடி கரகரத்தது.

கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். கோயில் கருங்கல் தரை, குளிர்ச்சியாக இருக்கும். வெயில் தொல்லை கிடையாது. இளம் உடம்பு, தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. இந்நேரம் அவருக்கு வாத்துகள் ஞாபகம் வந்திருக்கும். பிள்ளைப்பேறு இல்லாத பேரரசருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்தது யார் என்று அமைச்சர்கள் என்னைத்தான் கேட்பார்கள். ஒரு சின்ன இளவரசன் இருக்கிறான். ஆறு வயது. நான் சொன்னதும் அழகாக மண்டியிடுகிறான்.

பெருந்தளபதியின் தவறு என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவருக்கு அதிகாரத்தின் மேல் ஆசை இருந்தது. எனக்கு அது இருந்ததே இல்லை. நான் முறைப்படி என் வேலையைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். என் வாக்குமூலம் இத்துடன் முடிந்தது. பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி.

எங்கே ஐயா கையை ஊன்றுகிறீர்கள்? நான் இன்னும் சொல்லவில்லையே.